நரி கடித்த பழம்

பழக்கடையில் தர்ப்பூசணி வாங்கும்போது நான் எதையும் தட்டிப் பார்ப்பதில்லை. முகர்ந்தும் பார்ப்பதில்லை. கடைக்காரர் கையில் எது அகப்படுகிறதோ அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அறுத்தால் சில நாள் வெளுத்துக் கிடக்கும், சில நாள் நல்ல சிவப்பாக இருக்கும். எப்படியிருந்தாலும் தின்றுவிட்டுத் தோலைத் தூக்கிப் போட வேண்டியதுதானே. "கொஞ்சம் பார்த்து வாங்கக் கூடாதா?" என்று வீட்டில் குறைபட்டுக்கொள்வார்கள். பார்த்து வாங்கின காலமும் ஒன்று இருந்தது. அந்த ஒரு கோடையோடு எனக்கு அலுத்துவிட்டது.

சின்ன வயதில் என் மூக்கு தெருவறிந்த மூக்கு. பால் திரியப் போகிறதா என்று காய்ச்சுவதற்கு முன்னால் அம்மா என்னிடம்தான் கேட்பாள். அப்பா சைக்கிளை விட்டு இறங்கும்போதே பையில் இருப்பது கொய்யாவா நாவலா என்று உள்ளேயிருந்து சொல்லிவிடுவேன். பக்கத்து வீடுகளிலிருந்து நெய்க் கிண்ணத்தோடு வந்து, "கலப்படமான்னு மோந்து சொல்லுட்டி" என்று கேட்டவர்கள் உண்டு. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எனக்கு மூக்கி என்று பெயரே வைத்திருந்தார். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு கௌரவம் கிடைத்தால் தலை கனக்காமல் என்ன செய்யும்? எனக்கும் கனத்தது.

நயா பைசா வந்து சில வருஷம் ஆகியும் பெரியவர்கள் அணாவிலேயே பேசிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வீடு தென்காசியில். அப்பா பத்திரம் எழுதுகிறவர். அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள், சுரண்டையில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்த வருஷம் மாசி கடைசியில் மசக்கையோடு வந்து சேர்ந்தாள். அது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாசத்திலும் ஒன்று நாலாம் மாசத்திலும் போயிருந்தது. சுரண்டையில் பெரிய குடும்பம், பலசரக்குக் கடை. வேளைக்குப் பதினைந்து பேருக்குச் சோறு வடிக்க வேண்டும், இரண்டு தெரு தள்ளியிருந்த கிணற்றிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டும், நெல் அவிக்க வேண்டும். இதையெல்லாம் அக்கா யாரிடமும் புகாராகச் சொன்னதில்லை. கேட்டால் மட்டும் சொல்வாள், அதுவும் பாதியில் நிறுத்திவிடுவாள்.

அவளைக் கொண்டுவந்து விட்டபோதே அவளுடைய மாமியார் அப்பாவிடம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டு போயிருந்தார். வாய் சரியாகிற வரைக்கும் பிள்ளை இங்கே இருக்கட்டும், வயிற்றில் சோறு தங்க ஆரம்பித்த அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும், கடையும் வீடும் ஆளில்லாமல் கிடக்கிறது என்று. அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதிக் கொடுக்கிற மனுஷனுக்கு, வாயால் சொன்னதும் முத்திரைத்தாளில் எழுதினதும் ஒன்றுதான். ஆக, அக்கா இங்கே இருப்பதும் போவதும் அவள் வாயில் இறங்குகிற ஒரு கவளம் சோற்றில் இருந்தது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் அதில் பாதியைத்தான் காதில் வாங்கியிருந்தேன். அக்கா சாப்பிட வேண்டும், சாப்பிட்டால் அவளுக்கு நல்லது. அவ்வளவுதான் எனக்கு விளங்கியது.

அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு தளர்ந்துபோகிறது. விடிந்தால் கிணற்றடியில் அக்கா குமட்டுகிற சத்தம். வீட்டில் கடுகு தாளிக்கக் கூடாது, வெங்காயம் வதக்கக் கூடாது, காப்பிக்கொட்டை வறுக்கக் கூடாது. அப்பா வெறும் வயிற்றோடு போய்க் கடைத்தெருவில் காப்பி குடித்துக்கொண்டார். நானும் அம்மாவும் தாளிக்காத குழம்பை ஊற்றிப் பிசைந்து விழுங்கினோம். அம்மா பகலெல்லாம் எதையாவது அலசிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகியது. பங்குனி வெயில் வேறு ஓட்டைப் பிளந்தது.

மூன்று வாரம் இப்படியே போன பிறகு ஒரு நாள் சாயங்காலம் அப்பா பொறுக்கமாட்டாமல் அக்கா படுத்திருந்த அறை வாசலில் போய் நின்றார்.

"என்னதாம்மா வேணும் ஒனக்கு? வாயத் தொறந்து சொல்லு. எங்கன கெடச்சாலும் வாங்கிட்டு வாரேன்."

அக்கா வெகுநேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். சின்னப் பிள்ளையில் ஒரு தடவை குற்றாலத்துக்குப் போயிருந்தபோது, சாரலில் நனைந்துகொண்டே அருவிக்கரையில் தர்ப்பூசணி அறுத்துத் தின்றாளாம். கத்தி இறங்கினதுமே அருவித் தண்ணீர் முகத்தில் அடித்த மாதிரி ஒரு மணம் வந்ததாம். அந்த மணம் உள்ள பழம் கிடைத்தால் தனக்கு இறங்கும் என்றாள். அப்பாவுக்குப் பெரிய ஆறுதல். கேட்டது தர்ப்பூசணிதானே, தங்கபஸ்பம் இல்லையே!

மறுநாளே தென்காசிச் சந்தையிலிருந்து ஒரு பழம் வந்தது. வெளிர்பச்சைத் தோல், தலையணை அளவுக்குப் பெரிய நாட்டுப் பழம். அம்மா அறுத்தாள். உள்ளே வெளிறிய ரோஜா நிறம், கறுப்பு விதை. அக்கா மூக்கருகே கொண்டு போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வெள்ளரிக்கா வாடை அடிக்கும்மா." நான் முகர்ந்து பார்த்தேன். சரிதான், வெள்ளரிப்பிஞ்சுதான். அடுத்து பாவூர்சத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்தது ஒரு வரிப் பழம், நீளமாக, கரும்பச்சைக் கோடு போட்டது. நல்ல இனிப்பு. ஆனால் வெயிலில் வெந்து வந்ததாலோ என்னவோ, புல் அறுத்த வாடையும் அடியில் ஒரு புளிப்பும் இருந்தன. அதுவும் இல்லை என்றாள். புளியறைப் பக்கம் போகிற லாரிக்காரரிடம் சொல்லிவைத்து வாங்கிய மூன்றாவது பழம் சாக்கு வாடையும் டீசல் வாடையுமாக வந்தது. அதை நானே வாசலில் வைத்துத் தள்ளுபடி செய்துவிட்டேன்.

இதற்குள் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. முழுசாக இருக்கிற தர்ப்பூசணிக்கு வாசனையே கிடையாது. சுவரில் மூக்கை வைத்த மாதிரிதான். அறுத்த நிமிஷத்தில்தான் மணம் பிறக்கிறது, கொஞ்ச நேரத்தில் வேறு மாதிரி திரும்பிவிடுகிறது. அடுப்படியில் அறுத்து, தட்டில் அடுக்கி, அக்காவிடம் கொண்டு போவதற்குள் பாதி போய்விடும். இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "ஆமாட்டி, நீ ஒருத்திதான் கண்டுபிடிக்கணும்" என்று சொல்லிவிட்டு வெட்டின பழத்தையெல்லாம் மாட்டுக்குக் கொண்டு போய் வைத்தாள். அப்பாவிடம் போய், "இதுவும் இல்லையாம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. களைப்பாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் மத்தியானம் ஆனால் அம்மா அக்காவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அப்பா வேலைக்குப் போயிருப்பார். "ஏம்மா சாத்துத?" என்று கேட்டால், "வெக்க உள்ள வருதுல்லா, போய் வெளையாடு" என்பாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்ததும் நான் உள்ளே போய் அக்கா பக்கத்தில் படுத்துக்கொள்வேன். அவள் மூச்சில் மோர்ச்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் மணக்கும். குமட்டலுக்கு நார்த்தங்காய் நக்கக் கொடுப்பது வழக்கம்தானே. மோர்ச்சோற்றுக்கு என்ன காரணம் என்று நான் யோசிக்கவில்லை. என் யோசனையெல்லாம் தர்ப்பூசணியில் இருந்தது.

மாமா உள்ளே நுழைந்தது அப்போதுதான். அவர் எதையாவது புதிதாகச் செய்து கையைச் சுட்டுக்கொள்கிற ஜாதி. அந்த வருஷம் மேலகரத்துக்கு அப்பால், சிற்றாறு வற்றிக் கிடந்த மணலில் குத்தகைக்கு இடம் எடுத்துத் தர்ப்பூசணி போட்டிருந்தார். மூன்று பாத்தி. ஒன்றில் நாட்டு விதை, ஒன்றில் வரிப் பழம், ஒன்றில் எங்கிருந்தோ தபாலில் வரவழைத்த விதை. அதற்கு ஜப்பான் விதை என்று பெயர். உருண்டையாக, கறுப்பு என்று சொல்லும்படியான பச்சையில் காய்த்தது. அறுத்தால் கண்ணைப் பறிக்கிற சிவப்பு, தோல் விரல் கனம்கூட இல்லை, கற்கண்டு இனிப்பு. மாமா அதைத் தூக்கிக்கொண்டு வந்து அக்கா முன்னால் வைத்து அறுத்தார். அக்கா முகர்ந்துவிட்டு, "இதுல மணமே இல்லையே மாமா" என்றாள்.

மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. உண்மையில் அதில் மணமே இல்லை. சீனித்தண்ணீரைச் சிவப்பாகக் கட்டி வைத்தது போல இருந்தது. "நெறம் இருந்தா மணம் இருக்க மாட்டேங்கு, மணம் இருந்தா இனிப்பு இருக்க மாட்டேங்கு. மூணையும் ஒண்ணுல கேட்டா நான் எங்கன போவேன் மருமவளே?" என்று என்னிடம் வந்து புலம்பினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பழத்தை எப்படியும் கண்டுபிடித்துவிடுவது என்று நான் மனதுக்குள் கச்சை கட்டிக்கொண்டேன்.

சித்திரை விசு அன்று குற்றாலத்துக்குப் போனோம். அக்காவும் அம்மாவும் வரவில்லை. அருவி இருக்கிற இடத்தில் பாறைதான் இருந்தது. உச்சியிலிருந்து கயிறு மாதிரி ஒரு ஒழுக்கு. அதன் அடியில் தலையை நீட்ட ஐம்பது பேர் சண்டை போட்டார்கள். நான் தலையை நீட்டவில்லை, பாறையோரமாகப் போய் மூக்கை வைத்தேன். நனைந்த கல், பாசி, மேலேயிருந்து அடித்து வந்த ஏதோ இலை. அதை மனதில் பூட்டி வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது மாமா தன் பாத்தியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆற்றுக்குள் இறங்கினார். ஜப்பான் பாத்தியும் நாட்டுப் பாத்தியும் சேருகிற மூலையில், இரண்டிலும் சேராமல் தானாக முளைத்த கொடி ஒன்று கிடந்தது. போன வருஷம் யாரோ தின்று துப்பின விதையாக இருக்கும் என்றார் மாமா. அதில் நாலைந்து காய். சாம்பல் பூத்த பச்சை, அழுது வடிகிற அழகு. ராத்திரி நரி வந்து அந்தக் கொடியின் பழங்களை மட்டும் கடித்துப் போட்டிருந்தது. பக்கத்திலேயே மாமாவின் ஜப்பான் பழங்கள் ஒரு கீறல் இல்லாமல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தன. "சவத்து நரி, நல்லதத் தொட மாட்டேங்கு பாரு" என்று மாமா திட்டினார். நான் குனிந்து ஒரு கடிபட்ட பழத்தின் மிச்சத்தைக் காலால் மிதித்து உடைத்தேன்.

அடேயப்பா! அந்த மணம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. நனைந்த கல், பாசி, இலை, அதன் மேல் லேசான ஒரு இனிப்பு. உள்ளே நிறம் என்னவோ வெளிறிய மஞ்சள் கலந்த ரோஜாதான். "மாமா, இதுதான்!" என்று கத்தினேன். மாமா முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் ஜப்பான் பழங்களை ஒரு பார்வை பார்த்தார். கடிபடாமல் ஒரே ஒரு காய் மிச்சம் இருந்தது. அதன் பக்கத்துக் கொடிச்சுருள் காயாமல் இன்னும் பச்சையாக இருந்ததால், பழுக்க நாலு நாள் பொறுக்க வேண்டும் என்றார். சுற்றிலும் உடைமரத்து முள்ளை வெட்டிப் போட்டு அதற்குக் காவல் வைத்தார்.

நாலாம் நாள் விடியற்காலையில் அந்தப் பழத்தைப் பாவாடையில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். மணலில் கிடந்த குளிர்ச்சி இன்னும் அதில் இருந்தது. அம்மா பின்கட்டில் இருந்தாள். நான் யாரையும் கூப்பிடவில்லை, கத்தியும் எடுக்கவில்லை. அக்கா தலைமாட்டில் அறைப்படியிலேயே ஓங்கிப் போட்டு உடைத்தேன்.

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் சந்தோஷத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது, அது ஏனென்று எனக்கு அப்போது தெரியவில்லை. "இது எங்கனட்டி கெடச்சுது?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையால் பிய்த்துத் தின்னத் தொடங்கினாள். தாடையில், கழுத்தில், சேலையில் எல்லாம் சாறு. சதை தீர்ந்ததும் நகத்தால் சுரண்டினாள். பிறகு வெள்ளையையும் கடித்துத் தின்றாள். நான் குந்தி உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு துண்டு தர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை, உண்மையாகவே இல்லை.

முடிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "யாருட்டயும் சொல்லப்புடாது, என்னா? தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு." இவ்வளவு தின்றதற்கு வெட்கப்படுகிறாள் என்று நினைத்துச் சத்தியம் பண்ணினேன்.

விதி என்றால் இதுதான். அன்றைக்குக் காலையில் சுரண்டையிலிருந்து அக்காவின் கொழுந்தன் வந்திருந்தார். கருப்பட்டிப் பொட்டலத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "அம்மா கேட்டுட்டு வரச் சொன்னா" என்று அவர் தயங்கித் தயங்கிச் சொல்ல, அப்பா, "இன்னும் வாய் சரியாகல தம்பி, தண்ணிகூட தங்க மாட்டேங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் மாமா உள்ளே வந்தார். "ஏட்டி மூக்கி, பழம் என்னாச்சு? அதுவும் மாட்டுக்குத்தானா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

மாட்டுக்கா! நரி கண்டுபிடித்ததை நான் கண்டுபிடித்து, நாலு நாள் முள் போட்டுக் காத்துக் கொண்டுவந்த பழம். எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் சத்தியம் பண்ணியிருக்கிறேனே. சொல்லாதே என்றுதான் அக்கா சொன்னாள், காட்டாதே என்று சொல்லவில்லை. உள்ளே ஓடினேன். அக்கா கை கழுவக் கிணற்றடிக்குப் போயிருந்தாள். தோல்களையெல்லாம் ஒரு தட்டில் பொறுக்கிப் போட்டுக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தேன். காகிதம் மாதிரி மெலிந்து கிடந்தன, பல் பதிந்த தடத்தோடு.

முதலில் கொழுந்தன்தான் வாயைத் திறந்தார். "மைனிக்கு வாய் சரியாயிட்டு போலுக்கே" என்றார். அந்த மனுஷனும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மாமா என் தலையில் தட்டி, "இது மூக்கில்ல, மிஷினு" என்றார். ஒரு மாதமாகக் கடைத்தெருவில் காப்பி குடித்த அப்பா அன்றைக்குத்தான் முதல்தடவையாகச் சிரித்தார். நான் நிமிர்ந்து நின்றேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. "ரெண்டு நாள் போகட்டுமே" என்றாள் அப்பாவிடம். "வாக்குக் குடுத்திருக்கம்லா" என்றார் அப்பா. அப்பா சொன்னதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசினதில்லை.

மத்தியானம் மூன்று மணி பஸ்ஸுக்கு அக்கா புறப்பட்டாள். தலை வாரிக்கொண்டாள், பெட்டியை எடுத்துக்கொண்டாள். என் மேல் கோபம் இருக்கும் என்று பயந்து தூணோரம் நின்றேன். கோபம் இல்லை. கிட்டே வந்து என் மூக்கை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து ஆட்டினாள். "இத வச்சிக்கிட்டு நீ என்ன பாடு படப்போறியோ" என்றாள். அவள் குரல் அவ்வளவு அசதியாக இருந்தது. அன்று ராத்திரி வீட்டில் கடுகு தாளித்தார்கள். ஒரு மாதத்துக்கு அப்புறம் ருசியாகச் சாப்பிட்டேன்.

ஆனியில் சாரல் விழ ஆரம்பித்த வாரம் சுரண்டையிலிருந்து ஆள் வந்தது. அம்மா போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதுவும் தங்கவில்லை. பின்னால், வெகு வருஷம் கழித்து, அக்காவுக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். எழுபது வயதுவரை இருந்தாள். இந்தப் பேச்சை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் எடுத்ததே இல்லை. மாமா அந்தப் பழத்தின் விதையைப் பத்திரப்படுத்தி அடுத்த கோடையில் போட்டார். ஒரே பழத்தின் விதையில் நாலு தினுசாகக் காய்த்தது. ஒன்றிலும் அந்த மணம் இல்லை. குற்றாலத்தில் சாரல் அடிப்பது ஆனியிலும் ஆடியிலும், தர்ப்பூசணி பழுப்பது பங்குனியிலும் சித்திரையிலும். இரண்டையும் ஒருசேர யாரும் அனுபவித்திருக்க முடியாது. தென்காசியில் பிறந்த எங்கள் யாருக்கும் அது அன்றைக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியது எனக்கே மசக்கை வந்து, இதே வீட்டில், இதே அறையில் படுத்திருந்தபோது.

அக்கா திரும்பி வந்த அன்று மத்தியானம் அதே அறையில்தான் படுத்திருந்தாள். ஜன்னல் வழியாகச் சாரல்காற்று வந்துகொண்டிருந்தது. அம்மா கிண்ணத்தில் மோர்ச்சோறு பிசைந்து, ஓரத்தில் நார்த்தங்காய் வைத்துக் கொண்டுவந்தாள். அப்பா கூடத்தில்தான் இருந்தார். கதவு விரியத் திறந்தே கிடந்தது. அந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஏன்க்கா, இன்னிக்குக் கதவச் சாத்தல?" என்று கேட்டேன்.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி என்னத்துக்குட்டி சாத்தணும்?" என்றாள் அக்கா.

வெயில் போய்ச் சாரல் வந்துவிட்டதல்லவா, வெக்கை உள்ளே வராது, அதனால்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.